பாட்டிலில் எழுதிய பெயர்கள்

சென்ற மாதம், ஒரு சனிக்கிழமை காலை. இரவு நேர நிகழ்ச்சியை முடித்துவிட்டு வந்து தாமதமாகத் தூங்கி, தாமதமாகவே எழுந்தேன். புக்கிட் பாத்தோக்கில் உள்ள எங்கள் வீவக வீட்டின் சமையலறையில், அரிசி எடுக்கக் குனிந்த அம்மா நிமிரவே இல்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் நான் செருகி வைத்திருந்த ஒயின் பாட்டில் அவர் கையில் இருந்தது.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“உங்கப்பா வெச்ச இடத்துலயே வெச்சிருக்க,” என்றார். அவ்வளவுதான். பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

இந்தப் பக்கத்தில் பாட்டு, பயணம், பேருந்தில் கேட்ட பேச்சு என்று எதையெதையோ எழுதியிருக்கிறேன். ஒயின் பற்றி மட்டும் எழுதியதில்லை. குடும்பத்தோடு படிக்கும் இதழாயிற்றே, நமக்கு எதற்கு வம்பு என்று தள்ளிப்போட்டு வந்தேன். அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்குப் பிறகு, எழுதாமல் இருப்பதும் அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் ஒன்றுதான் என்று தோன்றியது.

எனக்கு இத்தாலிய ஒயின் பிடிக்கும். அதைச் செய்கிறவர்களில் சிலர் என் நண்பர்கள். சொல்லிவிட்டேன். இனி மீதிக் கதை.

அப்பாவின் பாட்டில்

அப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். நல்ல மனிதர். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போவார். ஆனால், சம்பளம் வந்த வாரத்தில் அவர் வேறு ஆள். அவர் குடித்தது என்ன மது என்று எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். எந்த ஊரில் செய்தது, யார் செய்தது என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. அன்றைய நாளை மறக்கடித்தால் போதும். எனக்குப் பத்தொன்பது வயதானபோது கல்லீரல் பழுதாகி இறந்தார்.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த கதையல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கூலி கொடுத்தவர்களே கள்ளுக்கடையும் நடத்த வழி செய்தார்கள். காலையில் கொடுத்த காசு மாலையில் கடை வழியே திரும்பியது. 1947ல் கெடா மாநிலத்தில் தொண்டர் படை என்ற பெயரில் திரண்ட தமிழ் இளைஞர்கள் அந்தக் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். சிங்கப்பூரிலும் அரசாங்கக் கள்ளுக்கடை இருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அண்மைக் காலத்துக்கு வந்தால், 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரமும் அதன் பின் 2015ல் வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நமக்கு நினைவிருக்கின்றன.

இப்படிப்பட்ட வரலாறு உள்ள சமூகத்தில், ஒரு தமிழ்ப் பெண் “எனக்கு ஒயின் பிடிக்கும்” என்றால் கேட்பவர் முகம் மாறுவதில் வியப்பில்லை. அம்மாவின் முகம் மாறுவதில் வியப்பே இல்லை.

உச்சரிப்பால் கிடைத்த தோழி

ஒயின் என் வாழ்க்கைக்குள் வந்தது வேலை வழியாகத்தான். 2018ல் ஒரு ஹோட்டலில் இத்தாலிய ஒயின் அறிமுக மாலை. தொகுத்து வழங்க வேண்டியவருக்குக் காய்ச்சல். குரல் நன்றாக இருக்கிறது, ஆங்கிலமும் வரும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். அதுவரை ஒரு சொட்டு மதுகூட நான் தொட்டதில்லை.

திராட்சை வகைகளின் பெயர்கள்தான் பயமுறுத்தின. வானொலிக்காரர்களுக்குப் பெயரைத் தப்பாகச் சொல்வதைவிடப் பெரிய அவமானம் இல்லை. இணையத்தில் கேட்டுக் கேட்டு, எல்லாவற்றையும் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். நெப்பியோலோ, பார்பேரா, டோல்செத்தோ, சான்ஜொவேசே. தமிழில் எழுதினால் இத்தாலியச் சொல் நாக்கில் எளிதாக உட்கார்கிறது. எழுத்து இரட்டித்தால் அவர்களும் நம்மைப் போலவே அழுத்திச் சொல்கிறார்கள். ‘படம்’, ‘பட்டம்’ வேறுபாடு தெரிந்த நமக்கு அது பெரிய வித்தையில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் என் வயதொத்த ஒரு பெண் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “இந்தப் பயணத்தில் என் திராட்சையின் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் ஆள் நீதான்,” என்றாள். வட இத்தாலியில், பியட்மாண்ட் வட்டாரத்தின் லாங்கே குன்றுகளில் அவள் குடும்பத்துக்கு ஒரு சிறு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அப்பாவும் மகளும் சேர்ந்து ஒயின் செய்கிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தோழி என்றே சொல்கிறேன்.

அன்று அவள் எனக்கு முதலில் காட்டியது அவளுடைய ஒயினை அல்ல. பக்கத்து மேசையில் இருந்த வேறொருவர் பாட்டிலைத் திருப்பி, லேபிளைப் படிக்கச் சொன்னாள். ‘புரொடுத்தோரி டெல் பார்பரெஸ்கோ’ என்ற விவசாயிகள் கூட்டுறவின் பாட்டில் அது. ஒரே தோட்டத்துத் திராட்சையில் மட்டும் செய்த சிறப்பு ஒயின். அந்தத் தோட்டத்து நிலம் யார் யாருக்குச் சொந்தமோ அவர்களுடைய பெயர்களும், மொத்தம் எத்தனை பாட்டில் செய்தார்கள் என்ற எண்ணிக்கையும் லேபிளில் அச்சாகியிருந்தன.

“உன் கடையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஆள் பிடிக்கிறாயே?” என்றேன்.

“இந்தக் கதை தெரியாமல் என் ஒயினைக் குடித்து என்ன பயன்?” என்றாள்.

கதை இதுதான். பார்பரெஸ்கோ ஒரு சின்னஞ்சிறு ஊர். விவசாயிகள் திராட்சையைக் கூடையில் கொண்டுபோய்ச் சந்தையில் வைப்பார்கள். வியாபாரி சொன்னதுதான் விலை. அழுகும் பொருள் என்பதால் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாது. 1894ல் டொமிசியோ கவாஸா என்ற ஒயின் பள்ளித் தலைவர் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்து ஒரு கூட்டுறவு தொடங்கினார். பாசிச ஆட்சிக் காலத்தில் அது மூடப்பட்டது. போர் முடிந்து ஊர் வெறிச்சோடத் தொடங்கியபோது, 1958ல் அந்த ஊர்ப் பாதிரியார் பியோரினோ மரெங்கோ பத்தொன்பது குடும்பங்களைக் கூட்டி அதை மறுபடி தொடக்கினார். முதல் மூன்று ஆண்டு ஒயினைத் தேவாலயத்தின் நிலவறையில்தான் செய்தார்கள். இன்று சுமார் ஐம்பது குடும்பங்கள் அதில் உள்ளன. நல்ல திராட்சை கொண்டு வந்தால் நல்ல விலை.

அன்றிரவு ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பிடிக்கவில்லை. கடுக்காயைக் கடித்ததுபோல வாயெல்லாம் உலர்ந்துவிட்டது. ஆனால், வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெயர்கள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா குடித்த எந்தப் பாட்டிலிலும் ஒரு விவசாயியின் பெயர் இருந்திருக்காது.

தேக்காவில் தோற்ற ஒயின்

2019ல் தோழியும் அவள் அப்பாவும் வியாபார விஷயமாகச் சிங்கப்பூர் வந்தார்கள். அவருக்கு அப்போதே எழுபது வயது. ஆங்கிலம் தெரியாது, மகள்தான் மொழிபெயர்ப்பாள். “நோன்னோ என்று கூப்பிடு,” என்றார். இத்தாலிய மொழியில் தாத்தா. நானும் அப்படியே கூப்பிட்டேன். எங்கள் சொல்லையும் கற்றுக்கொடுத்தேன். “தாத்தா” என்று அவர் தம்மைத் தாமே அழைத்துச் சிரித்துக்கொண்டார். அவர்களுக்கும் அந்த எழுத்து இரட்டிக்கிறது.

ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். மீன் தலைக் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், ரசம். கடைக்காரரிடம் அனுமதி வாங்கி, தங்கள் நெப்பியோலோ பாட்டில் ஒன்றைத் திறந்தார்கள். காரமான பிரட்டலைத் தின்றுவிட்டு ஒரு வாய் ஒயின் குடித்த தாத்தாவின் முகம் செக்கச்செவேல் என்று சிவந்தது. மதுவில் உள்ள ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். நெப்பியோலோவின் துவர்ப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஒயினைத் தள்ளி வைத்துவிட்டு மோரைக் கையில் எடுத்தார். ஒரு டம்ளரைக் காலி செய்துவிட்டு, “இதைச் செய்தவர்தான் புத்திசாலி,” என்றார்.

பிறகு கேட்டார்: “உங்கள் மக்களுக்கு ஒயின் பழக்கமே கிடையாதா?”

நான் அரிக்கமேட்டைப் பற்றிச் சொன்னேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த இடத்தில் 1945ல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஆம்போரா எனப்படும் இரண்டு கைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. ரோமானியர் காலத்தில் ஒயினையும் ஆலிவ் எண்ணெயையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோன சாடிகள் அவை. அவற்றில் ஒரு பகுதி தென் இத்தாலியின் காம்பானியா வட்டாரத்துக் களிமண்ணால் ஆனவை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். புறநானூற்றில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது, யவனர் நல்ல கப்பலில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பெண்கள் பொற்கிண்ணத்தில் ஊற்றித் தர மகிழ்ந்திருப்பாயாக என்கிறார். நாம் மிளகு அனுப்பினோம். அவர்கள் பொன்னும் மதுவும் அனுப்பினார்கள்.

மகள் மொழிபெயர்த்து முடிக்கும்வரை தாத்தா கவனமாகக் கேட்டார். பிறகு தோளைக் குலுக்கினார். “காம்பானியாவா? அது தெற்கு. எங்கள் ஒயினை அனுப்பியிருந்தால் நீங்கள் பழக்கத்தை விட்டிருக்க மாட்டீர்கள்.”

நம்மூரில் மதுரைக்காரர் கோயம்புத்தூர்க்காரரைப் பற்றிச் சொல்கிற மாதிரியே இருந்தது.

மாலையில் புக்கிட் பாத்தோக்குக்கு அழைத்து வந்தேன். வீட்டுக்கு அல்ல, அம்மாவிடம் என்னவென்று சொல்வது? சின்ன குவிலின் குளக்கரைக்குக் கூட்டிப் போனேன். பழைய கல் குவாரியில் தண்ணீர் தேங்கிக் குளமான இடம். குவாரியில் வெடி வைக்கும் சத்தம் இருமல்போலக் கேட்டதால்தான் ஊருக்குப் புக்கிட் பாத்தோக், அதாவது இருமல் குன்று, என்று பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. தாத்தா குனிந்து ஒரு கல்லை எடுத்தார். உருட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். அவர்கள் குன்று ஒரு காலத்தில் கடலடியாக இருந்ததாம். சுண்ணாம்பு கலந்த அந்த மண்ணில்தான் நெப்பியோலோ நன்றாக வருமாம். “உன் வீட்டுக்கு அடியில் இருப்பது கெட்டியான கல். திராட்சைக்கு ஆகாது. வீட்டுக்கு நல்லது,” என்றார்.

அவர்களை வீட்டு வாசல்வரைகூட அழைக்காதது அன்றிரவு முழுக்க உறுத்தியது.

இரண்டு ஊர், ஒரே விஷம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் ஒலிவாங்கி முன் உட்கார்ந்து கலகலப்பாகப் பேசுவது கடினமாக இருந்தது. இறந்தவர்களில் பலர் கூலித் தொழிலாளர்கள். படங்களில் பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தபோது எனக்கு அம்மாதான் தெரிந்தார்.

மெத்தனாலுக்குத் தனி வாசனையோ சுவையோ இல்லை. சாதாரண ஆல்கஹால் போலவே இருக்கும். உடலுக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். பிழைத்தவர்களும் கண்ணை இழக்கலாம்.

அந்த அக்டோபரில், அறுவடை சமயத்தில், விடுப்பு எடுத்துக்கொண்டு தோழியின் ஊருக்குப் போனேன். அம்மாவிடம் “இத்தாலி சுற்றுலா” என்று மட்டும் சொன்னேன். 2014ல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்த குன்றுகள் அவை. காலையில் பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடிவிடும். இத்தாலிய மொழியில் பனிமூட்டத்துக்கு ‘நெப்பியா’ என்று பெயர். நெப்பியோலோ என்ற பெயரே அதிலிருந்துதான் வந்தது என்பார்கள். பக்கத்து ஊரான ஆல்பா, நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த நுட்டெல்லா பிறந்த ஊர். நான் இரண்டு நாள் திராட்சைக் குலை வெட்டினேன். மூன்றாம் நாள் இடுப்பு நிமிரவில்லை.

அன்று இரவு தாத்தாவிடம் கள்ளக்குறிச்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். “1986,” என்றார்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் இத்தாலியில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றார்கள். மட்டமான ஒயினின் வீரியத்தைக் கூட்டிக் காட்ட, விலை குறைந்த மெத்தனாலை ஊற்றிவிட்டார்கள். சுமார் இருபது பேர் இறந்தார்கள். சிலருக்குக் கண் போனது. குற்றம் செய்தவர்கள் இருந்தது அதே பியட்மாண்ட் வட்டாரம். இத்தாலிய ஒயின் என்றாலே வெளிநாடுகள் கதவைச் சாத்தின.

“நாங்கள் எதுவும் செய்யவில்லை. ஆனால் அதை யாரிடம் நிரூபிப்பது?” என்றார் தாத்தா. அந்த ஆண்டு அவர் கிளாஸும் பாட்டிலுமாக வண்டியில் ஊர் ஊராகப் போனாராம். வாங்க வந்தவர் முன்னால் முதல் கிளாஸைத் தானே ஊற்றிக் குடித்துக் காட்டுவாராம். பிறகு உட்கார்ந்து கால் மணி நேரம் பேசிக்கொண்டிருப்பாராம். “அவர்கள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பார்க்கட்டும் என்று நானும் இருப்பேன்.”

இத்தாலிய ஒயின் அந்த ஆண்டோடு அழிந்திருக்க வேண்டியது. அழியவில்லை. 1992ல் ஒயினுக்கான சட்டத்தை இறுக்கினார்கள். அதைவிட முக்கியமாக, யார் செய்தது, எந்த நிலத்தில் விளைந்தது என்பதை மறைக்காமல் சொன்னவர்கள் நிமிர்ந்தார்கள். அளவைக் குறைத்துத் தரத்தைக் கூட்டினார்கள். ஆள் தெரியாத ஒயினுக்கு மதிப்புப் போனது.

அதன் பிறகுதான், பழகி ஆறு ஆண்டுகள் கழித்து, என் அப்பாவைப் பற்றி அவர்களிடம் முதல்முறையாகச் சொன்னேன். தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாத்தா நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு மகள் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். அவருக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். இதே வீட்டில், இதே நிலவறைக்கு மேலே வளர்ந்தவர். குடித்தே செத்தாராம்.

“உலகத்தில் நல்ல ஒயின் அவன் காலடியில் இருந்தது. அவனுக்கு அது தேவைப்படவில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்று குடித்தான். ஒயின் செய்கிற வீட்டிலும் இந்தக் கதை உண்டு, மகளே. அதனால்தான் என் மேசையில் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு பாட்டிலை மூடிவிடுவேன். மூன்றாவது கிளாஸில் குடிக்கிறவனுக்கு என் ஒயின் தெரியாது. நான் எதற்கு அவ்வளவு பாடுபட்டுச் செய்கிறேன்?”

கணக்கையும் சொல்லிவிடுகிறேன்

இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு ஓட வேண்டாம். குடிக்காதவர்கள் தொடங்க இது காரணமே அல்ல. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நம்ப வேண்டாம். உடல்நலத்துக்குக் கேடில்லாத மது அளவு என்று எதுவும் கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிப்பவர்களுக்குச் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் வரம்பு, பெண்களுக்கு நாளுக்கு ஓர் அளவு, ஆண்களுக்கு இரண்டு. ஓர் அளவு என்பது 100 மில்லிலிட்டர் ஒயின். ஹோட்டலில் பெரிய கிளாஸில் ஊற்றித் தருவது அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சிங்கப்பூரில் ஒயின் ஏன் இவ்வளவு விலை என்று இளையர்கள் கேட்கிறார்கள். பாட்டிலில் உள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி தீர்வை. 750 மில்லிலிட்டர் பாட்டிலில் 13 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால் தீர்வை மட்டும் 8 வெள்ளி 58 காசு. பத்து வெள்ளி ஒயினானாலும் நூறு வெள்ளி ஒயினானாலும் அதே தொகைதான். அதற்குமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. ஆகவே மிக மலிவான பாட்டிலில் உங்கள் காசில் பெரும்பகுதி வரிக்கும் கண்ணாடிக்கும் கப்பலுக்கும் போய்விடுகிறது. திராட்சைக்குப் போவது கொஞ்சம்தான். மாதம் நான்கு மலிவு பாட்டில் வாங்குகிறவர், ஆள் தெரிந்த ஒரு பாட்டில் வாங்கி நான்கு நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். என் வழக்கம் அதுதான்.

வீட்டில் யாருக்காவது குடியை நிறுத்த முடியவில்லை என்றால், தயவுசெய்து மூடி மறைக்காதீர்கள். மனநலக் கழகத்தில் இதற்கென்றே சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அப்பா காலத்தில் எங்களுக்கு இது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும், வெளியில் தெரிந்தால் மானம் போகும் என்று போயிருக்க மாட்டோம்.

பன்னீர் வாசம்

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். அன்று மாலை அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். 2018 ஹோட்டல், தேக்கா சாப்பாடு, இத்தாலியில் குலை வெட்டியது, தாத்தாவின் அண்ணன். எதையும் மறைக்கவில்லை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இதுல என்ன இருக்கு?” என்று பாட்டிலைக் காட்டினார்.

அது தோழி கொடுத்தனுப்பிய மொஸ்காத்தோ. இனிப்பான ஒயின். திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே குளிரவைத்து நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரை மிஞ்சியிருக்கும். ஆல்கஹால் ஐந்து விழுக்காடு அளவில்தான் இருக்கும். திறந்து ஒரு சிறு கிளாஸில் இரண்டு விரல் அளவு ஊற்றினேன். அம்மா குடிக்க மாட்டார் என்று தெரியும். “மோந்து மட்டும் பாரும்மா,” என்றேன்.

மூக்கருகே கொண்டுபோனார். ஒரு நொடியில் முகம் மாறிவிட்டது.

“ஏய், இது நம்ம பன்னீர்த் திராட்சடி!”

அம்மா பிறந்தது சின்னமனூரில். கல்யாணமாகிச் சிங்கப்பூர் வரும்வரை கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவேதான் வளர்ந்தார். கவாத்து செய்யும் முறையால் அங்கே ஆண்டு முழுக்க எங்காவது ஒரு பந்தலில் குலை பழுத்துக்கொண்டே இருக்கும். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

அம்மாவின் மூக்கு தப்பு செய்யவில்லை. பன்னீர்த் திராட்சை என்று நாம் சொல்வது மஸ்கட் ஹம்பர்க் என்ற வகை. அது மஸ்கட் குடும்பம். மொஸ்காத்தோவும் அதே குடும்பம். இந்தக் குடும்பத்துத் திராட்சைகளில் லினலூல், ஜெரானியால் என்ற வாசனைப் பொருள்கள் உண்டு. அவை ரோஜாவிலும் உண்டு. அதனால்தான் நம் ஊர்க்காரர்கள் அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்றும் சொன்னேன். கம்பத்துத் திராட்சையின் பெற்றோரில் ஒன்று மஸ்கட். மற்றொன்று ஸ்கியாவா குரோஸா, வட இத்தாலியின் மலைப்பகுதியில் இன்றும் விளையும் திராட்சை.

“அப்ப சொந்தக்காரங்கதான்,” என்றார் அம்மா.

பிறகு கேட்டார்: “இதச் செஞ்சது யாரு?”

அப்பாவின் பாட்டிலைப் பார்த்து யாரும் கேட்டிராத கேள்வி. கைப்பேசியில் தோழியின் படத்தைக் காட்டினேன். அறுவடை முடிந்து, சாறு காய்ந்து கறுத்த விரல்களோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா படத்தைப் பெரிதாக்கி அந்த விரல்களையே பார்த்தார். “நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க கை மாதிரியே இருக்கு. பாவம், இந்தப் பிள்ளைய இங்க வரைக்கும் கூட்டிட்டு வந்து, வீட்டுக்குக் கூப்பிடாம அனுப்பிட்டியே.”

அம்மா அதைக் குடிக்கவில்லை. குடிக்கவும் மாட்டார். குடி விஷயத்தில் அவர் பயம் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். அந்தப் பயத்துக்கு அவரிடம் காரணம் இருக்கிறது. எனக்கும் அது வேண்டும். ஆனால், பாட்டில் இப்போது அரிசி டின்னுக்குப் பின்னால் இல்லை. கூடத்து அலமாரியில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிற்கிறது. அங்கே வைத்தது அம்மாதான்.

“ஒளிச்சு வெக்காத. இங்கயே இருக்கட்டும். எவ்வளவு கொறையுதுன்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

தோழி அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வருகிறாள். இந்த முறை சாப்பாடு தேக்காவில் அல்ல, எங்கள் வீட்டில். அம்மா இப்போதே பட்டியல் போட்டுவிட்டார். காரம் குறைத்து மீன் குழம்பு, அப்பளம், பாயசம். மோர் நிச்சயம் உண்டு.